கத்தியைக் கீழே வைத்த பிறகு: காகித வெட்டுக் கலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காகிதத்தைக் கையால் வெட்டிப் படம் செய்பவர்களிடம் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "நடுவில் கத்தி வழுக்கிவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்பதுதான். வழுக்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகிவிடாது. இலையின் நுனி சற்றுக் குட்டையாகும், பறவைக்கு ஓர் இறகு குறையும், பார்ப்பவருக்குத் தெரியப்போவதில்லை. என் மேசையில் வீணான வேலைகளை எண்ணிப் பார்த்தால், கத்தியால் கெட்டவை கொஞ்சம்தான். வெட்டத் தொடங்கும் முன்பே கெட்டவையும், வெட்டி முடித்த பிறகு கெட்டவையுமே அதிகம். எனவே இந்தக் கட்டுரையிலும் கத்திக்கு ஒதுக்கிய இடம் சிறியது.

தாள் தேர்வு

கையில் கிடைத்த கறுப்புத் தாளை எடுத்து வெட்டத் தொடங்குவது அநேகமாக எல்லாரும் செய்யும் தவறு. நானும் செய்தேன். பள்ளிக் கைவினைக்கென்று விற்கும் மலிவான வண்ணத் தாள்களில் மரக்கூழின் லிக்னின் (மரத்தின் நார்களைப் பிணைக்கும் பொருள்) நீக்கப்படாமல் இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அந்தத் தாள் நிறம் மாறும், முறுகும். சாயமும் மட்டமாக இருந்தால் கறுப்பு மெல்லப் பழுப்பாகத் திரும்பும். பயிற்சிக்கு அது போதும், விற்கப்போகும் படைப்புக்குப் போதாது. "அமிலமற்றது" என்று உறையில் அச்சிட்டிருப்பதோடு நின்றுவிடாமல், நீடித்து நிற்கும் தாள்களுக்கான ஐஎஸ்ஓ 9706 தரம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாயம் வெளுக்குமா என்பதை அந்தத் தரம் சொல்லாது. அதை நாமே சோதிக்க வேண்டும். ஒரு துண்டுத் தாளைப் பாதி மூடி, வெயில் விழும் சன்னல் கண்ணாடியில் இரண்டு மாதம் ஒட்டி வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

கனத்தில் ஒற்றை அடுக்கு வேலைக்கு 100 முதல் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) வரை எனக்கு ஒத்துவருகிறது. அதற்கு மேல் போனால் மூலைகள் பிசிறடிக்கும், மணிக்கட்டு வலிக்கும். கீழே போனால் மாட்டும்போது தொய்யும்.

அதிகம் பேசப்படாத விஷயம் நாரோட்டம். இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் ஏறினால் நார் நீளத்தில் அவ்வளவாக வளராது, பருமனில் உப்பும். அதனால் தாள் நாருக்குக் குறுக்கே விரியும். இரண்டு அடுக்குகளை நாரோட்டம் மாறி ஒட்டினால் மழை நாளில் ஒன்று ஒருபக்கமும் மற்றொன்று மறுபக்கமும் இழுத்து, படம் முழுக்க அலையடிக்கும். தாளை மடிக்காமல் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது அந்த வளைவின் முகடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுவே நாரோட்டம். நீண்ட மெல்லிய தண்டுகளை அந்தத் திசையிலேயே அமைத்தால் அவை எளிதில் அறாது.

எது விழும், எது தாங்கும்

ஓவியப் பழக்கத்தோடு இந்தக் கலைக்கு வருபவர்கள் தடுமாறும் இடம் இது. அவர்கள் கோடு போடுகிறார்கள். இங்கே கோடு என்று ஒன்று கிடையாது. தாள் இருக்கும் இடம், தாள் இல்லாத இடம், இவை இரண்டு மட்டுமே உண்டு. நம் எழுத்தை வெட்டிப் பார்த்தாலே இது புரியும். "அ" என்ற எழுத்தை ஓட்டையாக வெட்டினால் அதன் சுழிக்குள் இருக்கும் துண்டு கீழே விழுந்துவிடும். மாறாக, எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதை வெட்டினால், "க்" என்பதன் தலைப் புள்ளி பிடிமானம் இல்லாமல் உதிரும். இரண்டுக்கும் விடை ஓர் இணைப்பு, அதாவது தாளிலேயே விட்டுவைக்கும் சிறு பாலம்.

தவறு என்னவென்றால், படத்தை முழுக்க வரைந்துவிட்டு, விழப்போகும் இடங்களைப் பார்த்துக் கடைசியில் பாலம் போடுவது. அது சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுத்தது போலவே தெரியும். பாலம் படத்தின் உறுப்பாக இருக்க வேண்டும். நிலவைத் தாங்க வேண்டுமானால் ஒரு கிளை அதன் குறுக்கே போகட்டும். பறக்கும் பறவையை அந்தரத்தில் நிறுத்த அதன் அலகில் ஒரு கொடியைக் கொடுங்கள். ஒவ்வொரு பெரிய உறுப்புக்கும் குறைந்தது மூன்று பிடிமானங்கள் இருந்தால் நல்லது. ஒன்றே ஒன்று என்றால் ஊஞ்சலாடும், இரண்டு என்றால் திருகிக்கொள்ளும்.

வெட்டும் முன் நான் செய்யும் சோதனை சாதாரணமானது. மாதிரி வரைவில் எஞ்சப்போகும் பகுதி முழுவதையும் கறுப்பால் நிரப்புவேன். ஓரச் சட்டத்தில் விரலை வைத்து, தூக்காமல், கறுப்பு வழியாகவே நடந்து எல்லா இடத்துக்கும் போய்ச்சேர முடிகிறதா என்று பார்ப்பேன். போக முடியாத இடம் தீவு. தீவு என்றால் அது மேசைக்கடியில் போய்விடும்.

இன்னொன்று, நுணுக்கம் என்னும் போதை. முடி இழை அளவுக்கு வெட்ட முடிந்துவிட்டதும் படம் முழுவதையும் முடி இழையாக்கும் ஆசை வரும். பார்ப்பவர், "அப்பா, எவ்வளவு பொறுமை!" என்பார், படத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டார். அது பாராட்டு அல்ல என்பது எனக்கு உறைக்கச் சில வருடங்கள் ஆயின. இலைக்கொத்து நுணுக்கமாக இருந்தால் அதற்குப் பக்கத்தில் கண் இளைப்பாற ஒரு வெற்றுப் பரப்பு வேண்டும்.

வரைவது தாளின் பின்புறத்தில் என்றால், படம் இடவலமாக மாறும் என்பதை மறக்கக் கூடாது. எழுத்து வரும் வேலைகளில் இதை எல்லாரும் ஒருமுறையாவது மறந்திருப்பார்கள். அமெரிக்கக் கலைஞர் காரா வாக்கர் தம் பெரிய நிழலுருவங்களைக் கறுப்புத் தாளில் வெளிர்நிறப் பென்சிலால் வரைந்து வெட்டுகிறார். பிறகு அதைத் திருப்பி மெழுகு தடவிச் சுவரில் ஒட்டுகிறார். பென்சில் தடம் சுவர்ப்பக்கம் போய்விடுவதால் அழிக்கும் வேலையே இல்லை. வெட்டிய தாளில் ரப்பரால் அழிப்பது போன்ற தற்கொலை முயற்சி வேறில்லை.

கத்தி

பிளேடு மொட்டையாகிவிட்டது என்று தெரிந்த பிறகு மாற்றுவது தாமதம். தாள் லேசாக இழுபடத் தொடங்கும்போதே மாற்றுங்கள். மொட்டை பிளேடுதான் அழுத்தச் சொல்லும், அழுத்தினால்தான் வழுக்கும். வளைவில் கையைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். மூலையை நோக்கி வெட்டாமல் மூலையிலிருந்து வெளியே வெட்டுங்கள். உள்ளே இருக்கும் சிறு ஓட்டைகள் முதலில், பெரிய வெற்றிடங்கள் பிறகு, வெளிவிளிம்பு கடைசியில். துண்டு முழுதாக அறாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், இன்னொரு முறை கத்தியால் தொடுங்கள். கழித்த பிளேடுகளை ஒரு தகர டப்பாவில் போடுங்கள்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற பெண்மணி எழுபது வயதைக் கடந்த பிறகு வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டி, கறுப்புப் பின்னணியில் மலர்களைச் செய்யத் தொடங்கினார். பத்தாண்டுகளில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்து முடித்தார். இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பார்வை மங்கியதும்தான் நிறுத்தினார். அவருக்கு மின்விளக்கு இல்லை. நமக்கு இருந்தும் பலர் அரையிருட்டில் குனிந்து வெட்டுகிறோம். கத்தி பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம் ஒரு விளக்கு இருந்தால் கையின் நிழல் வெட்டுமுனையில் விழாது.

பசையும் பின்னணியும்

வெட்டி முடித்த களைப்பில் இருக்கும்போதுதான் பெரிய தவறுகள் நேர்கின்றன. ஸ்பிரே பசையை அடித்து அட்டையில் ஒரேயடியாக ஒட்டிவிடுவது அவற்றில் முதலிடம். ஒட்டிய அன்று அருமையாக இருக்கும். சில ஆண்டுகளில் பசை மஞ்சளித்துத் தாளில் ஊறும், அல்லது பிடி தளர்ந்து நுனிகள் எழும்பும். ஒட்டும் டேப்பும் அப்படித்தான். முழுக்க ஒட்டாமல் சில இடங்களில் மட்டும் தொங்கவிடுவதே நல்லது. ஜப்பானிய மெல்லிய தாளில் சிறு கீல்கள் செய்து, கோதுமை ஸ்டார்ச் பசையாலோ மீத்தைல் செல்லுலோஸ் என்ற நீரில் கரையும் பசையாலோ ஒட்டலாம். பின்னாளில் ஈரம் காட்டிப் பிரிக்கவும் முடியும்.

பின்னணிப் பொருளும் படத்தைக் கெடுக்கும். பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1952இல் தம் சாப்பாட்டு அறைச் சுவருக்காகச் செய்த "நீச்சல் குளம்" நீலத் தாள் வெட்டுருவங்களால் ஆனது. வெள்ளைத் தாள் பட்டையில் இருக்கும் அந்த உருவங்களுக்குப் பின்னணி சாக்குத் துணி. காலம் போகப்போக அந்தத் துணி கறுத்து, வெள்ளையையும் நீலத்தையும் அமுக்கியது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைப் பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்காமல் இருந்து, பழைய துணியிலிருந்து பிரித்துப் புதிய துணியில் பொருத்தி 2014இல் மீண்டும் காட்டியது. அவர்களிடம் பாதுகாப்பு வல்லுநர்கள் இருக்கிறார்கள். நம் படத்தை வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டுபவரிடம் இருக்கமாட்டார்கள்.

ஃபிரேமும் வெளிச்சமும்

என் முதல் கண்காட்சியில் எடை குறைவு, உடையாது என்று எல்லாப் படங்களுக்கும் அக்ரிலிக் போட்டேன். திறப்பு நாளன்று ஒரு நல்லெண்ணக்காரர் ஒவ்வொன்றையும் துணியால் பளபளவென்று துடைத்துவிட்டார். துடைக்கத் துடைக்க அக்ரிலிக்கில் நிலைமின்சாரம் ஏறும். மெல்லிய கிளைகள் எல்லாம் எழுந்து முன்பக்கம் ஒட்டிக்கொண்டன. நரி ஒன்றின் வால் மட்டும் நெற்றிக்கு வந்துவிட்டது. மெல்லிழை வேலைக்குக் கண்ணாடியே மேல். அக்ரிலிக்தான் வேண்டுமென்றால் நிலைமின்சாரம் ஏறாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். எதுவானாலும் படம் முகப்பைத் தொடக் கூடாது. ஃபிரேமின் உள்விளிம்பில் இடைவெளிக் கட்டை வையுங்கள். தொட்டால் ஈரம் அங்கே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

முன்னால் விடுவது போலப் படத்துக்குப் பின்னாலும் இடைவெளி விட்டால் இன்னொரு பயன் உண்டு. பின்னணியிலிருந்து சற்று விலகி நிற்கும் காகித வெட்டு தன் நிழலையும் படமாக்கும். நிழல் எங்கே விழும் என்பதை விளக்குதான் முடிவு செய்கிறது. ஆனால் விளக்கு பெரும்பாலும் அரங்கத்தார் கையில் இருக்கிறது. நேர் எதிரே விளக்கு வைத்தால் நிழல் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இரண்டு பக்கமும் வைத்தால் இரட்டை நிழல் குழப்பும். மாட்டும் நாளன்று ஏணி இருக்கும்போதே நீங்களும் அங்கே இருங்கள். வெளிச்சத்தின் அளவுக்கு, தாள் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் வழக்கமாகக் கொள்ளும் எல்லை 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு). விற்பனைக் கண்காட்சியில் அவ்வளவு மங்கலாக யாரும் வைக்கமாட்டார்கள். சில வாரங்களுக்குப் பரவாயில்லை என்றாலும், நேர் வெயில் விழும் சுவரை ஒத்துக்கொள்ளாதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் பாதிப் பாதுகாப்புத்தான், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தை வெளுக்கும். ஃபிரேம் இல்லாமல் அந்தரத்தில் தொங்கவிடும் பெரிய வேலை என்றால், ஏசி காற்று எங்கிருந்து வருகிறது, தீப்பாதுகாப்பு விதி என்ன சொல்கிறது என்ற இரண்டையும் வரைவு போடும்போதே கேளுங்கள். முடித்த பிறகு தீத்தடுப்பு மருந்து தெளித்தால் தாள் சுருங்கும்.

காகிதக் கலையின் காகித வேலை

மணிக்கணக்கை மட்டும் வைத்து விலை சொல்வது தவறு. கை பழகப் பழக வேகம் கூடும், அப்போது நல்ல வேலைக்குக் குறைந்த விலை என்றாகிவிடும். ஃபிரேம் செலவையும் அரங்கத்தின் கமிஷனையும் சேர்க்காமல் விலை சொல்வது அதைவிடப் பெரிய தவறு. சேதமானால் யார் பொறுப்பு, காப்பீடு எந்த நாளிலிருந்து, திருப்பி அனுப்பும் கூரியர் யார் செலவு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

லேசரில் வெட்டிய பிரதிகளை விற்பது குற்றமில்லை, "கையால் வெட்டியது" என்ற சீட்டோடு விற்பதுதான் குற்றம். இதே லேசர் நமக்கு எதிராகவும் திரும்பும். காகித வெட்டு என்பதே கறுப்பு வெள்ளை. நேர் எதிரே நின்று துல்லியமாக எடுத்த பெரிய படத்தை இணையத்தில் போட்டால், வேறொருவர் சில நிமிடங்களில் அதை வெட்டுக்கோப்பாக மாற்றிவிடலாம். நான் சாய்வான கோணத்தில், நிழல் விழ எடுத்த படத்தைத்தான் போடுகிறேன். பார்க்கவும் அதுதான் அழகு. நேர்ப்படம் என் ஆவணத்துக்கு மட்டும், அதையும் ஃபிரேம் போடுவதற்கு முன்பே எடுத்துவிடுவேன்.

கடைசியாக, பொதி. ஃபிரேம் போடாத வேலையை இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே, அமிலமற்ற மெல்லிய தாள் வைத்துத் தட்டையாக அனுப்ப வேண்டும். ஒருமுறை எல்லாம் சரியாகச் செய்து, பெட்டியை நாலாபுறமும் இறுக டேப் ஒட்டி அனுப்பினேன். மறுமுனையில் திறந்தவர் கட்டர் கத்தியை எடுத்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு இழுத்திருக்கிறார். அட்டை, மெல்லிய தாள், மூன்று வார வேலை எல்லாவற்றையும் தாண்டிப் போயிருந்தது அந்த வெட்டு. பிசிறே இல்லை. இப்போதெல்லாம் இழுத்தால் பிரியும் நாடா கட்டித்தான் பெட்டியை மூடுகிறேன், மேல்மூடியில் பெரிய எழுத்தில் எழுதியும் வைக்கிறேன்: "தயவுசெய்து கத்தியால் திறக்காதீர்கள்."