இரும்பு மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை: காரணம் சீலியாக்

என் ஹீமோகுளோபின் 8.2. எட்டு மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் 8.6-ஐத் தாண்டவில்லை. கூடவே உப்புசம், அடிக்கடி வாய்ப்புண். பூச்சி மருந்து, அல்சர் மாத்திரை, பாலை நிறுத்தியது எதுவும் பலிக்கவில்லை. ஐ.பி.எஸ் (குடல் எரிச்சல் நோய்க்குறி, IBS) என்று சொல்லி அனுப்பினார்கள். இரும்புச்சத்து உறிஞ்சப்படும் இடம் முன்சிறுகுடல். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் சிதையும் நோயான சீலியாக் முதலில் சிதைப்பதும் அதைத்தான். அங்கே சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோனால் மாத்திரை என்ன செய்யும்?

சீலியாக்கைக் கண்டறிய, ஐஜிஏ வகை எதிர்ப்பொருளைத் தேடும் டிடிஜி ஐஜிஏ (tTG-IgA) ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். இங்கேதான் பல மாதம் வீணானது. உப்புசத்துக்குப் பயந்து மூன்று மாதமாகச் சப்பாத்தி, ரவை, சேமியா எதையும் தொடவில்லை; கோதுமை உள்ளே போகாவிட்டால் எதிர்ப்பொருள் இறங்கிவிடும். டாக்டரிடம் இதைச் சொன்ன பிறகு, தினமும் இரண்டு சப்பாத்தி வீதம் எட்டு வாரம் சாப்பிட்டு மறுபரிசோதனை. கூடவே மொத்த ஐஜிஏ அளவும் பார்த்தோம். அது பிறவியிலேயே குறைவாக இருந்தால் டிடிஜி பொய்யாக நெகட்டிவ் காட்டும். இம்முறை டிடிஜி பல மடங்கு அதிகம். எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியில் நான்கு திசுத் துணுக்கு, தொடக்கப் பகுதியில் இரண்டு எடுத்து உறுதி செய்தார்கள். ஒரே துணுக்கு போதாது, பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கும்.

கோதுமை, பார்லியை விட்டதும் ஹீமோகுளோபின் ஏறியது. ஆனால் உப்புசம் முழுதாகப் போகவில்லை. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்: கோந்து, கோதுமை மாவு! தினமும் ரசத்தில் விழுந்துகொண்டிருந்தது. அரிசி மாவு கலந்த பெருங்காயத்துக்கு மாறினேன். ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் 12.1.