தஞ்சாவூர் வீணையைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கே தவறுகிறோம்?

வீணை வாங்க வருகிறவர்களில் பலர், எளிதாகச் சரிசெய்துவிடக்கூடிய ஒரு குறையைக் கண்டு நல்ல வீணையை ஒதுக்கிவிடுகிறார்கள். எவராலும் சரிசெய்ய முடியாத குறையுள்ள வீணையை, முனையில் செதுக்கிய யாளி முகம் லட்சணமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போகிறார்கள். தஞ்சாவூரின் சிறு பட்டறைகளில் கையால் செய்யப்படும் வீணைகளை ஒப்பிடும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான். எது மாறும், எது மாறாது என்று தெரிந்துகொண்டு பட்டறைக்குள் போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

மாறக்கூடியவற்றில் முதலாவது மெட்டு, அதாவது ஸ்வரத்துக்காகத் தந்தியை அழுத்தும் உலோகக் கம்பி. தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு வீதம் இரண்டு ஸ்தாயிகள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் இந்த அமைப்பு நிலைபெற்றதாக மரபு சொல்கிறது. இந்த மெட்டுகளை மரத்தில் அறைவதில்லை. தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய கலவையைத் வீணையின் நீண்ட கழுத்தான தண்டியின் இரு விளிம்பிலும் உயர்த்திக் கட்டி, அதன்மேல் ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டுப் பதிக்கிறார்கள். மேளம் கட்டுவது என்பது இதுதான். மெழுகில் உட்கார்ந்திருப்பதால் மெட்டு நாளடைவில் இடம் நகரும். நாமாக நகர்த்தவும் முடியும். ஆகவே ஏழாவது மெட்டில் பஞ்சமம் ஒரு மயிரிழை தாழ்ந்து கேட்டால், அந்த வீணையை வேண்டாம் என்று சொல்ல அது காரணமே ஆகாது. மேளம் கட்டத் தெரிந்தவருக்கு அது அன்றாட வேலை.

தந்திகளும் அப்படியே. கடையில் மாட்டியிருக்கும் தந்தி பல மாதம் அங்கேயே கிடந்து துருவேறியிருக்கலாம். புதிதாக மாட்டியதென்றால் இன்னும் நீண்டுகொண்டே இருக்கும். தந்தியை முறுக்கும் பிரடை வழுக்குவதும் இறுகிக்கொள்வதும் பெரும்பாலும் வானிலையைப் பொறுத்தது. தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேலுள்ள உலோகத் தகட்டில் பள்ளம் விழுந்திருந்தால் தந்தி கரகரவென்று இரையும். தகட்டைத் தேய்த்து அதன் வளைவைச் சரிசெய்தால் நாதம் திரும்பிவிடும். இந்த வளைவு ஒரு நுட்பமான வேலை. அதில் சிறு மாற்றம் செய்தாலும் வீணையின் குரலே மாறிவிடும் என்பதால், கரகரப்பைக் கேட்டவுடன் மரத்தைக் குறை சொல்லக் கூடாது.

மாறாத குறைகள்

தண்டி முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். யாளிப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெட்டு வரிசையின் ஓரமாகப் பார்த்தால் தெரிந்துவிடும். சரியாக உலராத பலா மரத்தில் செய்த தண்டி, ஒரு கோடையைக் கடந்ததும் தன் இயல்பைக் காட்டும். மேளத்தைக் கூட்டிக் குறைத்துக் கொஞ்ச காலம் சமாளிக்கலாம், அவ்வளவுதான். வீணையின் உருண்ட பகுதியான குடத்தை மூடியிருக்கும் பலகையில் விரிசல் இருக்கிறதா, குடமும் தண்டியும் சேரும் இடத்தில் இடைவெளி தெரிகிறதா என்பதையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இணைப்பின் மேல் வெள்ளைப் பட்டை அலங்காரம் வரும். அதன் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. அதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. முதல் தந்தியான சாரணியில் முதல் மெட்டிலிருந்து கடைசி மெட்டு வரை ஒவ்வொன்றாக, ஒரே அழுத்தத்தில், அவசரப்படாமல் மீட்டுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் அடங்கும் வரை காத்திருங்கள். ஏதோ ஓரிடத்தில் மட்டும் ஒலி சட்டென்று அமுங்கும். சாரணியின் ஐந்தாம் மெட்டில், சுத்த மத்தியமத்தில் அப்படி அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஸ்வரம் அடுத்துள்ள பஞ்சமத் தந்தியில் பத்தாம் மெட்டில் கிடைக்கும். அங்கே நன்றாகப் பேசுகிறதென்றால் கோளாறு பெரும்பாலும் அந்த ஒரு மெட்டில். ஆசாரியிடம் சொன்னால் பார்த்துக்கொள்வார். அங்கேயும் அமுங்குகிறதென்றால் அந்தச் சுருதியை வீணையின் உடலே விழுங்குகிறது. மேளத்தால் அதைத் தீர்க்க முடியாது. உங்களுக்குப் பிடித்த ராகங்களில் அந்த ஸ்வரம் எவ்வளவு முக்கியம் என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

ஏகாந்த வீணை, ஒட்டு வீணை என்ற பேச்சு எப்போதும் வரும். குடம், தண்டி, யாளி வரை ஒரே மரத்தில் குடைந்தெடுப்பது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைப்பது ஒட்டு வீணை. அவ்வளவு பெரிய பழுதற்ற பலா மரம் கிடைப்பது அரிது, குடையும் உழைப்பும் அதிகம் என்பதால் முதலாவதற்கு விலை கூடும். அந்த விலை நியாயமானதுதான். ஆனால் ஏகாந்த வீணை என்பதாலேயே நாதம் உயர்ந்தது என்று முடிவுகட்டுவது தவறு. பலகையின் கனம், குடம் குடைந்த பக்குவம், மரம் உலர்ந்த விதம் ஆகியவை கூடிவராத ஏகாந்த வீணையைவிட, இவை கூடிவந்த ஒட்டு வீணை பல மடங்கு இனிமையாகப் பேசும். பெயரைக் கேட்டுவிட்டுக் காதை மூடிக்கொள்ளாதீர்கள்.

ஒப்பிடும் முறை

இரண்டு வீணைகளை ஒப்பிட வேண்டுமானால் இரண்டிலும் ஒரே சுருதி இருக்க வேண்டும். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. ஒன்று இரண்டரைக் கட்டையிலும் இன்னொன்று மூன்றரையிலும் நிற்கும்போது, உயர்ந்த சுருதியில் நிற்பதே பளிச்சென்று கேட்கும். வாங்குகிறவர் மயங்குவது இங்கேதான். ஒன்றில் புதுத் தந்தியும் மற்றதில் பழந்தந்தியும் இருந்தாலும் ஒப்பீடு பொய்யாகிவிடும். தந்தியின் விலை அதிகமில்லை. புதுத் தந்தி மாட்டச் சொல்லி, அதற்கான பணத்தைத் தனியாகக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

பெஞ்சின் மேல் வைத்துத் தட்டிப் பார்க்காதீர்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குடத்தை வலப்பக்கம் தரையில் பதித்து, யாளிப் பக்கம் பொருத்தியிருக்கும் சுரைக்காயை இடத் தொடையில் தாங்கி வாசித்துப் பாருங்கள். குடத்தின் அளவு உங்கள் வலக்கைக்கு ஒத்துவருகிறதா, இடக்கை நான்காவது தந்தியான அனுமந்தரம் வரை வலியின்றி எட்டுகிறதா என்பதெல்லாம் உட்கார்ந்தால்தான் தெரியும். இடக்கை விரல்களுக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் எண்ணெய் தொட்டு வாசித்துப் பழகியவர், கடையில் வறண்ட விரலால் இழுத்துவிட்டு மெட்டு சொரசொரப்பாக இருக்கிறது என்று சொல்வது அந்தத் தொழிலாளிக்குச் செய்யும் அநியாயம்.

வேகமான ஸ்வரக் கோவைகளை வாசித்துக் காட்டி வீணையைச் சோதிப்பது இன்னொரு பழக்கம். வேகத்தில் எல்லா வீணையும் ஒன்றுபோலத்தான் கேட்கும். திருவாரூரில் பிறந்த இசைமேதை முத்துசுவாமி தீட்சிதர் வீணை வாசித்த வைணிகர். அவருடைய மெதுவான சௌக்க கால உருப்படிகளில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த இடத்தைத் தந்தியின் கார்வை, அதாவது மீட்டிய பின் நீளும் ஒலி, நிரப்ப வேண்டும். ஆகவே சோதனைக்கு உகந்தது விளம்பமான ஆலாபனை. ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்கள் மேலே போங்கள். இழுத்த உச்சியில் ஒலி உயிரோடு இருக்கிறதா, மெட்டில் உரசி மடிகிறதா என்று கவனியுங்கள். வீணையின் தரம் மீட்டும் கணத்தில் இல்லை, அதற்குப் பிறகுதான் வெளிப்படுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஓசை பெரிதாக இருந்தால் நல்ல வீணை என்று நினைப்பதும் இதன் தொடர்ச்சியே. தஞ்சை அரசவைக் கலைஞர்களின் வழிவந்த வீணை தனம்மாள் (1867–1938) மிக மென்மையாக வாசித்தவர். சென்னையில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடிய ரசிகர்கள் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். இன்று மேடையில் ஒலிபெருக்கி இருக்கிறது. ஓசையை அது கூட்டிவிடும். வீணையில் இல்லாத கார்வையை அதனால் உண்டாக்க முடியாது.

தொலைவில் இருப்பவர்கள் கைபேசியில் பதிவுசெய்து அனுப்பச் சொல்லி ஒப்பிடுகிறார்கள். மூன்று கட்டைச் சுருதியில் சாரணி சுமார் 165 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அனுமந்தரம் சுமார் 62 ஹெர்ட்ஸில். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தைத் தர இயலாது. நீங்கள் கேட்பது மேல் தந்திகளின் பளபளப்பை மட்டும்தான். வர முடியாதவர்கள், வாசிக்கத் தெரிந்த உள்ளூர் நண்பர் ஒருவரை அனுப்பி, நேரில் கேட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளலாம்.

காலமும் பேரமும்

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள், அப்படியே தஞ்சாவூரில் ஒரு வீணையையும் பார்த்துவிடலாம் என்று வருவதுண்டு. கேட்டுவந்த இசையின் நிறைவும், ரயிலைப் பிடிக்கும் அவசரமும் சேர்ந்த மனநிலை வீணை தேர்ந்தெடுக்க ஏற்றதல்ல. வேறு ஒரு நாள் காலையில் நிதானமாக வாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெல்டாவின் ஈரத்தில் பிரடை ஊதிப்போய்த் திருகவே வராது. சித்திரை வெயிலில் அதே பிரடை நழுவும். எந்தப் பருவத்தில் பார்க்கிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு எடைபோட வேண்டும்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கும் தொழிலுக்கும் கிடைத்த பெருமை அது. உங்கள் கையிலிருக்கும் வீணையின் நாதத்துக்கு அது சான்று ஆகாது. மரம் குடைவது ஒருவர், நகாசு என்னும் அலங்கார வேலை இன்னொருவர், மேளம் கட்டுவது மற்றொருவர் என்று வேலை பிரிந்திருக்கும் என்பதால், இந்த வீணைக்கு மேளம் கட்டியவர் யார் என்று கேளுங்கள். பின்னாளில் நீங்கள் திரும்பத் திரும்பத் தேடிப் போக வேண்டியவர் அவர்தான்.

ஒரு பட்டறையின் விலையைச் சொல்லி இன்னொரு பட்டறையில் அடித்துப் பேசுவதை நான் விரும்புவதில்லை. விலையைக் குறைத்தால் குறைந்த பணத்துக்கு ஏற்ப எங்கேயோ உழைப்பும் குறையும். பெரும்பாலும் அது கண்ணில் படாத இடமாக இருக்கும். குறைக்க வேண்டுமானால் நகாசு வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பூவேலை இல்லாத எளிய தண்டியும் அதே நாதத்தைத் தரும்.

பழைய வீணை வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முன்காலத்தில் அலங்காரத்துக்கு யானைத் தந்தம் பதிப்பதுண்டு. தந்த வணிகத்துக்கு இந்தியாவில் சட்டத் தடை இருக்கிறது. வெள்ளையாக இழைத்திருப்பது என்ன என்று உறுதிசெய்துகொள்ளாமல் வாங்காதீர்கள். வெளிநாட்டுக்கு எடுத்துப் போகும் எண்ணமிருந்தால் கட்டாயம் கேளுங்கள். புது வீணைகளில் இப்போது பிளாஸ்டிக் தகடுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு

புது வீணையின் மெழுகு அமர்வதற்குச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் மெட்டு கொஞ்சம் இறங்கினால் ஏமாந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஒருமுறை சரிபார்த்துத் தருவீர்களா என்று வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளம் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

சரஸ்வதி பூஜைக்குப் பலகையின் மேலேயே சந்தனம் குழைத்துப் பூசி, மறுநாள் ஈரத்துணியால் துடைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். யாளியின் நெற்றியில் ஒரு சிறு பொட்டு போதும். ஆண்டு முழுவதும் உறையிலேயே இருந்துவிட்டு அந்த ஒரு நாள் மட்டும் வெளியே வரும் வீணைகள் டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. எனக்கு அதுதான் மிகுந்த வருத்தம். தினமும் அரை மணி நேரம் வாசித்தால் எந்தப் பிரடை இறுகுகிறது, எந்த மெட்டு நகர்கிறது என்பது உடனுக்குடன் கைக்குத் தெரியும்.

வெயிலில் நிற்கும் காரின் பின்பக்கத்தில் வீணையை ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள். மெழுகு இளகினால் 24 மெட்டுகளும் இடம் மாறிவிடும். பஸ்ஸின் அடியில் சாமான் வைக்கும் அறைக்கும் இது பொருந்தும். மே மாதத்தில் வாங்கினால் இரவுப் பயணமாக, தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, சுரைக்காயைக் கழற்றித் தனியாகப் பொதிந்து, கூடவே வைத்துக்கொண்டு போங்கள்.