கரையோரப் பிள்ளைகளுக்கு ஜூல்ஸ் வெர்ன் வாசித்துக் காட்டுவது எப்படி

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னின் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' நாவலை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். ஆரம்பத்தில் தேதியும் கப்பல் பெயருமாக அடுக்கிக்கொண்டே போவார். ஏழாம் வகுப்புப் பிள்ளை கொட்டாவி விடும். நேராக இரண்டாம் பாகத்தைத் திறங்கள். இந்தியப் பெருங்கடலில் கீலிங் தீவைத் தாண்டியதும், கேப்டன் நெமோவின் நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ் இந்தியத் தீபகற்பத்தின் முனையை நோக்கித் திரும்பும். அங்கே நிறுத்தி, சுவரிலுள்ள வரைபடத்தில் அந்த வழியை விரலால் தொட்டுக்கொண்டே வரச் சொல்லுங்கள். விரல் கன்னியாகுமரிப் பக்கம் வந்ததும், "சாரே, இது நம்ம கடலா?" என்று ஒருவனாவது கேட்பான். புவியியல் வாத்தியாராக இருந்த எனக்கு இந்தக் கேள்வி போதும்.

தலைப்பிலுள்ள இருபதாயிரம் லீக்கை ஆழம் என்றே எல்லோரும் நினைப்பார்கள். அது கப்பல் போகும் தூரம். கரும்பலகையில் கணக்குப் போடட்டும்: ஒரு லீக் 4 கிலோமீட்டர், மொத்தம் 80,000. பூமியை இரண்டு சுற்று. கடலின் மிக ஆழமான இடமே சுமார் 11 கிலோமீட்டர்தான்!

அடுத்து இலங்கை முத்துக்குளிப்பு. இதற்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஒதுக்குங்கள். குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கமென்றால் சுறாவுக்குத் தூண்டில் போட்ட பாட்டா யாராவது இருப்பார், கூட்டி வந்து உட்கார வையுங்கள். காலிடுக்கில் கல்லோடு ஏழை ஒருவன் குளிக்கிறான், சுறா வருகிறது, நெமோ கத்தியோடு பாய்கிறான், கடைசியில் கப்பலில் இருக்கும் திமிங்கில வேட்டைக்காரன் நெட் லாண்டின் ஈட்டிதான் அதைக் கொல்கிறது. "சுறா இப்படியா வரும்?" என்று பாட்டா மறுப்பார். மறுக்கட்டும். அவர் சொல்வதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். வெர்னும் பத்திரிகைகளையும் பயண நூல்களையும் படித்துக் குறிப்பெடுத்து எழுதியவர்தான். இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

அவர் வாழ்க்கையை இடையிடையே சொன்னால் போதும். 1828இல் நாந்த் துறைமுக நகரில் பிறந்தார். வக்கீல் மகன், சட்டம் படித்துவிட்டுப் பாரிஸ் பங்குச் சந்தையில் வேலை பார்த்தார். 1863இல் பலூன் நாவலைப் பதிப்பாளர் ஹெட்செல் வெளியிட்ட பிறகுதான் பெயர் வந்தது. நெமோவை ரஷ்யர்களிடம் எல்லாம் இழந்த போலந்துக்காரனாக்க நினைத்தார், ஹெட்செல் சம்மதிக்கவில்லை. பதிப்பாளருக்கு ரஷ்ய விற்பனை முக்கியம். என் கணக்கில் அந்தத் தடையால் லாபம் நமக்குத்தான்.

ஏனென்று இப்போதே உடைத்துவிடாதீர்கள். முத்துக்குளித்தவனைக் காப்பாற்றிய பின், ஒடுக்கப்பட்டவர்களின் நாடே தன் நாடு என்கிறான் நெமோ. அது எந்த நாடென்று பிள்ளைகள் ஊகிக்கட்டும். நெமோ இந்தியன், புந்தேல்கண்ட் இளவரசன் தக்கார், 1857 கிளர்ச்சி என்று விடை வருவது வெர்னின் 'மர்மத் தீவு' நாவலில்.

இதற்கெல்லாம் ஏற்ற காலம் ஜூன், ஜூலை. மேற்குக் கரையில் மீன்பிடித் தடை, விசைப்படகுக்குப் போகும் அப்பாக்களும் வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்கும் பாய் விரித்து வையுங்கள்.