வெல்ஸ் நகரில் வீடு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனின் நடுவே உள்ள பழைய ‘சிட்டி’யை விட்டுவிட்டால், இங்கிலாந்தில் சிட்டி என்ற தகுதி பெற்ற ஊர்களில் ஆகச் சிறியது சாமர்செட்டிலுள்ள வெல்ஸ். சுமார் 11,000 பேர் வாழும் இந்த ஊரின் பெருமையெல்லாம் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய அதன் பேராலயத்தைச் சுற்றியே இருக்கிறது. சனிக்கிழமைச் சந்தைக்கு வந்து, பிஷப் மாளிகையின் அகழியில் இரைக்காக மணிக்கயிற்றை இழுக்கும் அன்னங்களைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே எஸ்டேட் ஏஜென்ட் எனப்படும் வீட்டுத் தரகரின் கதவைத் தட்டுகிறவர்கள் உண்டு. முதல் தவறு அதுதான். நவம்பர் மாதத்து மழைநாள் ஒன்றில், சந்தை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு அதே தெருக்களில் நடந்து பாருங்கள். முடிந்தால் ஆறு மாதம் வாடகைக்கு இருந்துவிட்டு முடிவெடுங்கள்.

வரைபடத்தில் பிரிஸ்டல், பாத் ஆகிய நகரங்கள் பக்கத்தில் தெரிவதால், ரயிலில் வேலைக்குப் போய் வரலாம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வெல்ஸில் ரயில் நிலையமே கிடையாது. கடைசிப் பயணிகள் ரயில் 1963இல் நின்றுபோனது. லண்டன் ரயிலைப் பிடிக்க, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி உள்ள காசில் கேரிக்குப் போக வேண்டும். பிரிஸ்டலுக்கு 376ஆம் எண் பேருந்து இருக்கிறது, ஆனால் அது மெண்டிப் குன்றுகளைக் கடந்து ஊர் ஊராக நின்று போகும். வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு முறையாவது அந்தப் பயணத்தைச் செய்து பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

விகார்ஸ் குளோஸ் என்ற தெருவைப் பார்த்தவர்கள் அங்கே ஒரு வீடு விற்பனைக்கு வராதா என்று கேட்பார்கள். பேராலயப் பாடகர் குழுவினர் தங்குவதற்காக 14ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்தத் தெரு இன்றும் பேராலயத்துக்கே சொந்தம். அதற்காகக் காத்திருந்து காலத்தை வீணாக்க வேண்டாம்.

மிகுந்த நஷ்டம் தரும் தவறு பழைய சுவர்களைப் பற்றியது. நான் பார்க்கப் போன ஒரு கல்வீட்டில், வரவேற்பறைச் சுவரின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சோபாவைச் சற்று நகர்த்தச் சொன்னேன். முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. விரல் பட்டதும் உள்ளிருந்து உப்புப் பொடியாக உதிர்ந்தது. வெளியே போய்ப் பார்த்தால், கற்களுக்கு இடையே இருந்த சுண்ணாம்புக் காரையைச் சுரண்டி எடுத்துவிட்டு யாரோ சிமென்ட் பூசியிருந்தார்கள். பழைய கல்சுவர் மழைநீரை உறிஞ்சி, காரை வழியாக மெல்ல வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட, ஈரம் வீட்டுக்குள் திரும்புகிறது. நம் பாட்டன்மார் கட்டிய காரைவீடுகளுக்கு அவசரமாகச் சிமென்ட் பூசிக் கெடுத்த கதையும் இதுவேதான். கடன் தரும் வங்கி செய்யும் மதிப்பீடு இதையெல்லாம் பார்க்காது. ஆகவே, செலவைப் பாராமல், பழைய கட்டடங்களை நன்கு அறிந்த சர்வேயர் ஒருவரிடம் ‘லெவல் 3’ எனப்படும் முழு ஆய்வைக் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் வாங்கும் வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் தன்மையை மாற்றும் வேலையை, உள்ளேயாயினும் வெளியேயாயினும், அனுமதியின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழைய மரச்சன்னலைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் சன்னல் வைத்தவர் முந்தைய உரிமையாளராகவே இருந்தாலும், அதைச் சரிசெய்யச் சொல்லும் உள்ளூராட்சிக் கவுன்சிலின் நோட்டீஸ் இன்றைய உரிமையாளரான உங்களுக்குத்தான் வரும். இதற்குக் காலவரம்பும் இல்லை. எனவே வீட்டில் கண்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதிக் கடிதம் எங்கே என்று, வாங்கும் வேலையைக் கவனிக்கும் வக்கீலான உங்கள் சொலிசிட்டர் வழியாகக் கேளுங்கள். பட்டியலில் இல்லாத வீடானாலும், பழமை மாறாமல் காக்க அறிவிக்கப்பட்ட பாதுகாப்புப் பகுதிக்குள் இருந்தால், ஓரளவு பருத்த மரத்தை வெட்டுவதற்கு ஆறு வாரம் முன்பே கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பேராலயத்தின் அருகே வீடு வாங்கினால் அதன் பழுதுக்குப் பணம் கட்ட நேருமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அப்படியொரு பொறுப்பு இங்கிலாந்தில் இருப்பது உண்மைதான், ஆனால் அது பேராலயத்துக்கு உரியதன்று. பழைய பங்குக் கோயில்களின் பீடப்பகுதியைப் பழுதுபார்க்கும் கடமை சில நிலங்களோடு ஒட்டியே வரும். வாரிக்‌ஷயரில் அப்படியொரு நிலம் வைத்திருந்த தம்பதி 2003இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்று, இறுதியில் 2 லட்சம் பவுண்டுக்கு மேல் கட்ட நேர்ந்தது. 2013 அக்டோபருக்குப் பின் இந்தப் பொறுப்பு பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும் என்றாகிவிட்டதால் அச்சம் பெரிதும் குறைந்துவிட்டது. சொலிசிட்டர் செய்யும் சிறு தேடலே போதும்.

கார் நிறுத்த இடம் உண்டா, அதற்கு பெர்மிட் வேண்டுமா என்பதையும், மணியோசை உங்கள் தூக்கத்துக்கு ஒத்துவருமா என்பதையும் நேரில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, விற்பவர் உங்கள் விலைக்குச் சம்மதித்துவிட்டார் என்பதற்காக இருக்கும் வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள். நம் ஊரில் அட்வான்ஸ் கொடுத்துக் கை நனைத்தால் பேச்சு முடிந்ததாகக் கொள்வோம். இங்கிலாந்தில் இரு தரப்பும் ஒப்பந்தத்தைப் பரிமாறி, பெரும்பாலும் விலையில் 10 சதவீதம் முன்பணமாகக் கைமாறும் நாள் வரை, யார் வேண்டுமானாலும் விலகிவிடலாம். அதற்குள் வேறொருவர் கூடுதல் விலை சொன்னால் வீடு அவருக்குப் போய்விடும். சர்வேக்கும் சொலிசிட்டருக்கும் நீங்கள் கொடுத்த பணம் திரும்பி வராது.