இறக்குமதிக் கணக்கில் கப்பல் கூலியைக் கழிப்பது எப்படி?

சுங்கத் தரவை அப்படியே தேசியக் கணக்கில், அதாவது ஜிடிபியைக் கணக்கிடும் கணக்கில், ஏற்றினால் தப்பாகிவிடும். இந்தியச் சுங்கத்தில் ஏற்றுமதி, கப்பலில் ஏற்றியது வரையிலான விலையில் பதிவாகிறது. இறக்குமதியிலோ கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்தே வருகின்றன.

ஓர் இயந்திரம் 108 லட்சம் என்று பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: சரக்கு 100, கூலி 7, காப்பீடு 1. சரக்கு இறக்குமதியில் 100 மட்டும் எழுதுங்கள். கப்பல் வெளிநாட்டு நிறுவனத்துடையது என்றால் அந்த 7 சேவை இறக்குமதி. உள்நாட்டு நிறுவனத்துடையது என்றால் இறக்குமதியே இல்லை. பலர் சறுக்குவது இங்கேதான்: 108-ஐயும் எழுதி, சேவையில் 7-ஐ மறுபடி சேர்ப்பார்கள். ஜிடிபியில் இறக்குமதியைக் கழிப்பதால், அப்போது ஜிடிபி அந்த அளவுக்குக் குறைந்து தெரியும்.

அடுத்து, உரிமை மாறியதா என்று பாருங்கள். எல்லை தாண்டியது மட்டும் போதாது. வெளிநாட்டுக்காரர் தன் 60 லட்சம் ரூபாய்த் துணியை அனுப்பி, தைத்து 75 லட்சமாகத் திரும்ப எடுத்துக்கொண்டால், 2008 தேசியக் கணக்கு முறைப்படி சேவை ஏற்றுமதி 15 லட்சம். சரக்கு இரு பக்கமும் பூஜ்யம். சுங்கத்தில் இரண்டுமே பதிவாகியிருக்கும், நீக்கிவிடுங்கள்.

வெளிநாட்டில் வாங்கி, இங்கே இறக்காமலே வேறு நாட்டில் விற்ற சரக்கு நேர்மாறு. சுங்கத்துக்கு அது தெரியவே தெரியாது. வாங்கிய தொகையை ஏற்றுமதியிலேயே கழித்தல் குறியோடு போட்டு, விற்றதைக் கூட்டுங்கள்.