பழைய வளையலுக்குப் புதுத் துணி

தைத்த ஜாக்கெட்டை வாங்கும்போது மிச்சத் துணியையும் தையல்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுகளை வைத்தே உங்கள் புடவைக்குப் பொருத்தமாக, கடையில் கிடைக்காத ஒரு வளையல் செய்துவிடலாம்.

சாயம் போன பழைய பிளாஸ்டிக் வளையல் போதும். துணியை அரை அங்குலப் பட்டையாகச் சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் வளைவில் சுருக்கம் விழும். சாய்வாக வெட்டியது இழுத்த இழுப்புக்கு வரும். வளையலின் உள்பக்கம் ஃபெவிகால் தடவி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடுகிற மாதிரி இறுக்கிச் சுற்றுங்கள். முனையையும் உள்பக்கமே ஒட்டி, ஒரு ராத்திரி காயவிடுங்கள்.

துணி சுற்றியதும் வளையல் உள்ளே சிறுத்துவிடும். அதனால் நீங்கள் 2.4 அளவு போடுபவர் என்றால் 2.6 எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீட்டர்தான். அது துணிக்கே சரியாகப் போய்விடும்.

எனக்குப் பிடித்தது சுங்குடித் துணி. அந்தச் சின்னப் புள்ளிகள் வளையலில் அவ்வளவு அழகாக இருக்கும்! பட்டு என்றால் ஓரம் பிரியும், மடித்து ஒட்டுங்கள்.

அப்புறம், கட்டுகிற புடவையின் துணியையே போடவேண்டும் என்பதில்லை. மாம்பழ மஞ்சள் புடவைக்குக் கரும்பச்சைத் துணி வளையல் இரண்டு, நடுவில் கண்ணாடி வளையல் நாலு. கழுத்தில் ஒன்றும் வேண்டாம்.

தண்ணீர் பட்டால் பசை விட்டுவிடும். பாத்திரம் தேய்க்கும் முன் கழற்றி வையுங்கள்.