டிரைவால் அடிக்கும் முன்: வேப்பர் பாரியரில் நடக்கும் தவறுகள்

டொரொண்டோ பக்கம் பேஸ்மென்ட் முடிக்கும் நம்மவர்கள் பலர், ஸ்டட் (சுவரின் மரச் சட்டம்) மேல் பாலி ஷீட்டை, அதாவது வேப்பர் பாரியர் எனும் நீராவித் தடுப்பு பிளாஸ்டிக்கை, ஸ்டேப்பிள் அடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கனடாவின் கட்டட விதி கேட்பது இரண்டு. காற்றும் கசியக் கூடாது, நீராவியும் ஊடுருவக் கூடாது. ஒரே ஷீட் இரண்டையும் செய்யும், ஆனால் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால் மட்டும்தான்.

எல்லாரும் நீராவியையே நினைத்துக் காற்றை விட்டுவிடுகிறார்கள். பெரிய சேதம் காற்றால்தான் வருகிறது. 21 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள வீட்டுக் காற்று சுமார் 7 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் பூக்கும். ஜனவரியில் வெளிப்பக்கப் பலகை அதைவிட எவ்வளவோ குளிர்ந்து கிடக்கும். கட்டட வல்லுநர்கள் அடிக்கடி காட்டும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு குளிர்காலம் முழுக்க, 4க்கு 8 அடி டிரைவால் (உட்சுவர் ஜிப்சம்) பலகையை ஊடுருவிப் போகும் நீர் சுமார் 300 மில்லிலிட்டர். அதே பலகையில் ஓரங்குலச் சதுர ஓட்டை இருந்தால், காற்றோடு போவது சுமார் 28 லிட்டர்!

அதனால் ஸ்விட்ச் பெட்டி, குழாய், மேல்மாடிக் கூரையில் பதித்த பாட் லைட், தளத்தைத் தாங்கும் ஜாயிஸ்ட் மரங்களின் முனைகள் எல்லாவற்றையும் சுற்றி அடைக்க வேண்டும். ஷீட்டின் இணைப்பை ஒட்டுங்கள். இல்லையென்றால் 100 மில்லிமீட்டர் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, ஸ்டட்டுக்கும் பலகைக்கும் நடுவில் இறுகும்படி செய்யுங்கள். ஸ்டட் இல்லாத இடத்தில் வெறுமனே தொங்கும் இணைப்பு விதிப்படி செல்லாது.

அடுத்தது, பாலி எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது. குளிர்நாட்டில் பாலி, இன்சுலேஷனின் (வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கின்) சூடான பக்கத்தில், அதாவது வீட்டுக்குள் பார்த்து வர வேண்டும். இது எல்லா ஊருக்கும் பொதுவான விதி இல்லை. மயாமி போன்ற வெப்பமான, ஈரமான பகுதிகளில் உள்பக்கம் பாலி போடுவதை அமெரிக்காவின் மாதிரிக் குடியிருப்பு விதி அனுமதிப்பதில்லை. ஏசி போட்ட வீட்டில் சூடான பக்கம் வெளியேதான் இருக்கிறது.

பேஸ்மென்டில் இன்னொரு சிக்கல், கான்கிரீட்டிலிருந்தே ஈரம் உள்ளே வரும். கான்கிரீட் சுவரில் ஒட்டும் தார் பேப்பர் போன்ற ஈரத்தடுப்பு, வெளியே உள்ள தரைமட்டத்தோடு நிற்க வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று மேல்வரை ஏற்றினால் இந்தப் பக்கம் பாலி, அந்தப் பக்கம் தார் பேப்பர். நடுவில் அகப்பட்ட ஈரம் காய வழியே இல்லை. ஸ்டட் உளுத்துப்போவது அப்படித்தான்.

பாத்ரூம் ஃபேன் குழாயை ஆட்டிக்கில் (கூரைக்கு அடியிலுள்ள பரணில்) விடாதீர்கள். கூரைக்கோ சுவருக்கோ வெளியே கொண்டு போங்கள்.

அப்புறம், ஒன்டாரியோவில் இன்சுலேஷனும், காற்று, நீராவி இரண்டுக்குமான பாரியர்களும் முடிந்ததும் சிட்டிக்குச் சொல்லி இன்ஸ்பெக்ஷன் வாங்க வேண்டும். அதற்கு முன் டிரைவால் அடித்தால் பிரிக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு சுவரையும் மூடும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.